ஒரு பல் தள்ளி

வண்டியை ஒரு வேலைக்கு விடுகிறோம். அந்த வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் போகும்போது இல்லாத இன்னொரு வியாதியோடு வண்டி வீடு திரும்புகிறது. போய்ச் சொன்னால் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் முதல் பதில், "அது வேறங்க, இது வேறங்க." பழைய கார் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல. எனக்கு இது 2024-ல் நடந்தது. சூலூரில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் நாலைந்து பேர் விவரம் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

என்னிடம் இருப்பது 2005-ல் வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன வண்டி. பேரன் அதைத் தீப்பெட்டி என்பான். சொல்லட்டும். என் மனைவிக்கு வலது பக்கம் பலம் குறைந்த பிறகு, வாரம் ஒரு நாள் கோவைக்குப் பயிற்சி சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ் படி அவளால் ஏற முடியாது. இந்தக் காரில் எந்த இடத்தைப் பிடித்து எப்படித் திரும்பி உட்காருவது என்று அவள் கைக்குத் தெரியும். வேறு வண்டி என்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

அந்த வருஷம் பிப்ரவரியில் இன்ஜின் முன்பக்கம் ஆயில் கசிந்தது. ஒர்க்‌ஷாப் பெயர் வேண்டாம், திருச்சி ரோட்டில் ஓரளவு பெரியது. ஆயில் சீல் போய்விட்டது, அதை மாற்ற டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், கழற்றுவதோடு பெல்ட்டையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார்கள். நியாயமான யோசனைதான். 6,200 ரூபாய் பில். கசிவு நின்றது. இன்றுவரை ஒரு சொட்டு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் எடுத்து வந்த அன்றே சிக்னலில் நின்றால் வண்டி நடுங்கியது. ஸ்டீயரிங்கில் கை வைத்தால் குளிர் ஜுரக்காரனைத் தொட்டதுபோல. மேட்டில் இழுக்கவில்லை. பெட்ரோல் வாடை வேறு. நான் ஒவ்வொரு முறையும் டேங்க்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நோட்டில் குறித்துவைப்பவன். குமாஸ்தா புத்தி, ஓய்வுபெற்றும் போகவில்லை. லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 11-க்கு வந்திருந்தது.

திருப்பிக் கொண்டுபோனேன். "பழைய வண்டிங்க சார், இத்தன நாள் ஓடுனதே பெருசு" என்றார் மேற்பார்வையாளர். ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்றி, த்ராட்டிலைச் சுத்தம் செய்து 1,450 வாங்கினார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் ஸ்பார்க் பிளக்குக்கு 'பூஜி' என்று பெயர், மெழுகுவர்த்திக்கும் அதே சொல்தான். மூன்று மெழுகுவர்த்தி ஏற்றியும் வெளிச்சம் வரவில்லை. அடுத்த முறை இன்ஜெக்டரைக் கழுவினார்கள், 2,200. நடுக்கம் அப்படியே. இரண்டு முறையும் நான் கேட்டது ஒன்றே: "பெல்ட் போட்ட இடத்தைத் திறந்து பார்த்தீர்களா?" இரண்டு முறையும் அதே பதில். அது வேறங்க, இது வேறங்க. எங்கள் அலுவலகத்தில் மனு கொண்டுவந்த ஜனங்களுக்கு "அது தனி ஃபைல்" என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தொனியை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

மார்ச் கடைசியில் ஒண்டிப்புதூர் மேம்பாலம் ஏறும்போது வண்டி நின்றேவிட்டது. பின்னால் லாரி ஹாரன், பக்கத்தில் மனைவி. இறங்கித் தள்ளவும் முடியாது, அவளை இறக்கவும் முடியாது. பைக்கில் வந்த இரண்டு பையன்கள் தள்ளி ஓரம் சேர்த்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அடுத்த வாரம் போக வேண்டாம், இப்பப் பரவாயில்லை" என்றாள். அவள் கைக்கு ஒன்றும் பரவாயில்லை. எனக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

காங்கயம்பாளையம் பக்கம் தகரக் கொட்டகையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபதை நெருங்கியவர். வண்டியைத் தொடுவதற்கு முன்னால், "ஏனுங்க, கடைசியா எந்தப் பக்கம் பிரிச்சாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப அங்கதானுங்க மொதல்ல பாக்கோணும்" என்று பெல்ட் மூடியைக் கழற்றினார்.

இன்ஜினில் கீழே கிராங்க், மேலே கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் மேல் சக்கரத்துக்குக் கீழ்ச் சக்கரத்தைப்போல் இரட்டிப்புப் பல். இரண்டையும் கட்டிப்போடுவது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பது அந்தப் பல்லின் கணக்கு. இரண்டு சக்கரத்திலும் அடையாளக் கோடு உண்டு. அவை இருக்க வேண்டிய இடத்தில் நேராக நின்றபிறகே பெல்ட்டை மாட்ட வேண்டும். என் வண்டியில் கீழ்க்கோடு சரியாக நின்றது, மேல்க்கோடு ஒரு பல் தள்ளி நின்றது. வண்டி ஓடும். ஆனால் மூச்சு தப்பி ஓடும்.

"நீங்களே சரி பண்ணிவிடுங்கள்" என்றேன். அவர் மாட்டேன் என்றார். "நான் கை வெச்சா அப்பறம் நாந்தான் பண்ணுனேன்னு சொல்லீருவாங்க. போட்டோ எடுத்துக்குங்க, மூடிக் குடுக்கறேன். அவங்ககிட்டயே கொண்டு போங்க." பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். திறந்து மூடிய கூலிக்கு 200 மட்டும் வாங்கிக்கொண்டார்.

சூலூரை அடுத்த கலங்கலில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒரே ஒரு பஸ் விட்டு, அதை யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்த்தார். அதற்கு முன்பு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டியே தொழில் கற்றார் என்பது இந்தப் பக்கம் எல்லோரும் சொல்லும் கதை. பிரிப்பது யாருக்கும் வரும். பூட்டும்போது எது எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். தகரக் கொட்டகைக்காரருக்கு அது தெரிந்திருக்கிறது. கணினி வைத்த இடத்தில் தெரியவில்லை. இதில் கணினியின் பேரில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

பிறகு நான் செய்தது, எனக்குத் தெரிந்த ஒரே தொழில். கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். வேலைக்கு விட்ட தேதி, அன்று மீட்டர் காட்டிய கிலோமீட்டர், மூன்று பில் எண்கள், முன்னும் பின்னும் மைலேஜ், போட்டோ, மெக்கானிக்கின் தாள். கேட்டது இரண்டு: பெல்ட்டைச் சரியாகப் பூட்ட வேண்டும், தேவையில்லாமல் வாங்கிய 3,650 ரூபாயைத் திருப்ப வேண்டும். 6,200-ஐக் கேட்கவில்லை, அந்தக் கசிவை அவர்கள் நிறுத்தியிருக்கிறார்களே. பதினைந்து நாள் கெடு. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். (2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. இனி எழுதுபவர்கள் அதில் அனுப்பலாம்.)

கெடு தாண்டினால் நுகர்வோர் ஆணையம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தேன். வெறும் மிரட்டல் இல்லை. 1986 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019 சட்டம் 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இரண்டு வருஷத்துக்குள் தர வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கொடுத்த பொருளுக்கும் சேவைக்கும் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். ஆனால் குறை இருந்தது என்று காட்டவேண்டியது நம் பொறுப்பு. அதற்குத்தான் அந்தத் தாளும் போட்டோவும். அவசரப்பட்டு இன்னொருவரிடம் சரிசெய்துகொண்டு போயிருந்தால் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

ஒன்பதாம் நாள் முதலாளியே போன் செய்தார். நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். என் கண் முன்னாலேயே மூடியைத் திறந்தார்கள். கோடு ஒரு பல் தள்ளித்தான் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் பெல்ட்டைப் பூட்டி ஸ்டார்ட் செய்தபோது நடுக்கம் இல்லை. 3,650-ஐ ரொக்கமாக எண்ணிக் கொடுத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். "பையன் பண்ணுனதுங்க சார், அவன் சம்பளத்துல புடிச்சுக்கறேன்" என்றார். பையன் அங்கேதான் நின்றான். பத்தொன்பது இருபது வயது, கையில் துணி. நான் பணத்தை மேஜை மேல் வைத்துவிட்டேன். "பில்லில் கையெழுத்து உங்களுடையது. பிளக்கை மாற்றச் சொன்னதும் அவனில்லை. அவனிடம் பிடிப்பதாக இருந்தால் இது எனக்கு வேண்டாம், நான் ஆணையத்துக்கே போகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிங்க, புடிக்கலைங்க" என்றார். அதை ரசீதின் பின்னால் எழுதித் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதினார். பையன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மனைவி அடுத்த வாரமே வந்தாள். மேம்பாலம் ஏறும்போது மட்டும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். மைலேஜ் 15.8-க்கு வந்துவிட்டது.

ஜூலையில் பிரேக் பேட் மாற்ற அங்கேயே போனேன். அந்தப் பையனைக் காணோம். விசாரித்தேன். "ஊருக்குப் போயிட்டானுங்க" என்றார் மேற்பார்வையாளர். எப்போது என்று கேட்டேன். "மே மாசமுங்க" என்றார்.