கரடிப் பட்டாளமும் கறுப்பு முகமூடியும்

எதையும் பற்று, வரவு என்று பிரித்துப் பார்ப்பது பி.காம். படித்தவனின் வியாதி. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட சாம்பார் வரவு, ரசம் பற்று என்று மனசு எழுதிக்கொண்டிருக்கும். சினிமா மட்டும் தப்புமா?

போன ஞாயிற்றுக்கிழமை ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்’ மறுபடி பார்த்தேன். 1983-ல் வந்தது. ஜார்ஜ் லூகாஸின் முதல் மூன்று ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் கடைசி. (அப்புறம் முன்கதை மூன்று, பின்கதை மூன்று என்று எடுத்துத் தள்ளினார்கள். அது தனிக் கணக்கு.) பார்த்த இடம் கும்மிடிப்பூண்டி, அப்பா வீடு. அங்கேதான் விஷயம்.

அப்பா சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் முப்பது வருஷம் ஃபர்னஸ் பக்கம் நின்றவர். அவர் சொல்லித்தான் பக்கத்துக் கம்பெனியில் எனக்கு அக்கவுன்ட்ஸ் வேலை கிடைத்தது. ரெண்டு வருஷம் முன்னால், எழுதப் போகிறேன் என்று ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுத் திருவள்ளூருக்குக் குடி போனேன். அன்றிலிருந்து எங்கள் பேச்சுவார்த்தை அம்மா வழியாகத்தான். எதிரே உட்கார்ந்துகொண்டே, “அவன் சாப்ட்டானான்னு கேளு” என்பார்.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, வண்டி மாறி, மறுபடி வடக்கே போகணும். எங்கள் உறவும் அதே ரூட்தான்.

அன்றைக்கு அம்மா கோயிலுக்குப் போய்விட்டாள். மொழிபெயர்க்க ஆளில்லை. கட்டுரைக்காகப் பார்த்தாக வேண்டிய படம், டி.வி.யில் போட்டேன். அப்பாவும் உட்கார்ந்தார். வசனத்தை, சுவரிடம் சொல்வதுபோல், தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

முதலில் பற்று. ஆரம்ப அரை மணி நேரம் ஜப்பா என்கிற கொழுத்த தாதாவிடமிருந்து ஹான் சோலோவை மீட்பதிலேயே போகிறது. மீட்ட பிறகு அவருக்குப் பெரிய வேலையில்லை. அந்தப் பாத்திரம் செத்துப்போகட்டும் என்று நடித்த ஹாரிசன் ஃபோர்டே கேட்டிருக்கிறார். லூகாஸ் ஒப்பவில்லை. போன படத்தில் ஏகப்பட்ட பில்டப்போடு வந்த போபா ஃபெட், பார்வை சரியாகத் திரும்பாத ஹானின் கை தவறிப் பட்டு, குழியில் விழுந்து காலி! லூக்குக்குப் போன படத்தில் முத்தம் கொடுத்த இளவரசி, இதில் கூடப்பிறந்தவள். ஐயையோ!

அப்புறம் மறுபடியும் அதே டெத் ஸ்டார். 1977-ல் ஒன்று வெடித்தது, இது இரண்டாவது. அதைக் காக்கும் கவசத்துக்கான ஜெனரேட்டர் ஒரு காட்டுக்குள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஒரே ஜெனரேட்டர்தானா? ஸ்டாண்ட்பை கிடையாதா? எங்க மில்லுலேயே ரெண்டு இருந்துதேடா!”

‘டா’! ரெண்டு வருஷத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம். டெத் ஸ்டாருக்கு நன்றி.

அடுத்தது குட்டிக் கரடிகள். ஈவாக்குகள். கவசம் போட்ட ராணுவத்தைக் கல்லாலும் மரக்கட்டையாலும் அடித்துத் துரத்துகின்றன. வியட்நாம் போரை நினைத்துத்தான் அப்படி வைத்ததாக லூகாஸ் சொன்னார். பார்க்கிற நமக்கு பொம்மைக் கடைதான் ஞாபகம் வருகிறது. “போகோ சானலா இது?” என்றார் அப்பா. பற்று முடிந்தது.

வரவு? காட்டுக்குள் பறக்கும் பைக் துரத்தல். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நடந்தேதான் போனார். விநாடிக்கு ஒரு ஃபிரேம்கூட ஓடாத மெதுவில் எடுத்து, 24 ஃபிரேமில் ஓட்டியதால் அந்தப் பறப்பு.

நிஜமான வரவு கடைசியில். சக்கரவர்த்தி எதிரே அப்பனும் மகனும் சண்டை. லூக் அப்பாவின் இயந்திரக் கையை வெட்டிவிட்டு, தன்னுடைய இயந்திரக் கையைப் பார்க்கிறான். வாளை வீசி எறிந்துவிடுகிறான். கிளைமாக்ஸில் ஹீரோ அடிக்க மறுத்து ஜெயிக்கிற படம் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்! சக்கரவர்த்தி மகனை மின்னலால் வதைக்கும்போது டார்த் வேடர் அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அவனைத் தூக்கி வீசுகிறார். 2011 ப்ளூ-ரேயில் அந்த இடத்தில் “நோ” என்று கத்த வைத்துக் கெடுத்தார்கள். அப்பாக்கள் கத்தமாட்டார்கள் சார், செய்துவிடுவார்கள்.

வேடராக நடித்தது ஒருவர் இல்லை. உடம்பு டேவிட் புரோஸ், குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், வாள் சண்டை பாப் ஆண்டர்சன், முகமூடியைக் கழற்றியதும் தெரிகிற முகம் செபாஸ்டியன் ஷா. ஒரு அப்பாவுக்கு நாலு பேர்!

முகமூடி கழன்றது. வெளிறிப்போன ஒரு கிழவர்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “ஃபர்னஸ்லேருந்து வந்து, முகத்துக் கரியக் கழுவிட்டு வர்றதுக்குள்ள நீ தூங்கிடுவே” என்றார். “அந்த வேலை உனக்கு வேணாம்னுதான் ஆபீஸ் வேலைக்குச் சொன்னேன். அதையும் விட்டுட்டே.”

எனக்கு பதில் வரவில்லை. ரெண்டு வருஷமாக அதைக் கோபம் என்று கணக்கில் எழுதி வைத்திருந்தவன் நான்.

“எழுதறதுல மாசம் என்ன வருது?”

சொன்னேன். சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

அம்மா கோயிலிலிருந்து வந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டும்போது அப்பா அவளைக் கூப்பிடவில்லை. நேராகவே சொன்னார்:

“அடுத்த வாரம் வரும்போது வேற படம் கொண்டாடா. கரடி இல்லாததா.”