வெறும் கட்டமும் பூஜ்யமும் ஒன்றா?

நீலகிரியில் ஒரு சிறு தேயிலை விவசாயியின் ஒரு நாள் உழைப்பு கடைசியில் ஒரே ஒரு எண்ணாகத்தான் மிஞ்சும். கொழுந்து மூட்டை தராசில் ஏறும், எடை சீட்டில் ஏறும். பணம் பிறகுதான். பச்சைத் தேயிலைக்கு மாதாமாதம் தேயிலை வாரியம் சராசரி விலை அறிவிக்கும். 1963 முதல் குன்னூரில் நடக்கும் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ, அதை ஒட்டி இந்த விலையும் ஏறி இறங்கும். விவசாயி கையில் இருப்பது அந்த எடை மட்டும்தான்.

இப்போது அந்தச் சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, ஒரு மாணவர் ஜாவாஸ்கிரிப்டில் படிவம் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தில் அடிப்பது எதுவானாலும் முதலில் அது வெறும் எழுத்துச் சரம். எண்தானா என்று சோதிக்க வேண்டும். 'எண் அல்ல' என்பதற்கு அந்த மொழியில் நேன் என்று பெயர். சோதிக்க இஸ்நேன் இருக்கிறதே, போதாதா?

போதாது. கட்டத்தை நிரப்ப மறந்து "" என்று விட்டால், இஸ்நேன் முதலில் அதை எண்ணாக மாற்றிப் பார்க்கும். காலிச் சரம் 0 ஆகிவிடும். 0 எண்தானே, உள்ளே விட்டுவிடும்! இரண்டு இடைவெளி தட்டினாலும் இதே கதி. "1e3" என்று கை தவறினால் 1000 கிலோ. 1995-ல் பத்தே நாளில் முதல் வடிவம் எழுதப்பட்ட மொழி, அப்படித்தான் இருக்கும் :-)

சரி, பார்ஸ்ஃப்ளோட்? அது இடமிருந்து படித்து, புரியாத இடத்தில் சத்தமில்லாமல் நின்றுவிடும். "48 கிலோ" என்றால் 48. நல்லது. இரண்டு மூட்டைக்கு "48+52" என்று அடித்தாலும் 48 தான். "1,250" என்றால் வெறும் 1. மீதி 1249 கிலோ எங்கே போனது என்று யாரும் கேட்கமாட்டார்கள், பிழைச் செய்தியே வராதே. நம்பர் என்ற செயல்பாடு இந்த மூன்றையும் நேன் என்று சொல்லிவிடும். ஆனால் காலிச் சரம் அதற்கும் 0 தான். தமிழ் எண்ணில் "௪௮" என்று கொடுத்தால் அதுவும் நேன்!

ஆகவே வரிசையாகச் செய்ய வேண்டியது:

1. முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்குங்கள். மிச்சம் காலி என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.
2. /^[0-9]+(\.[0-9]+)?$/ என்ற வடிவத்தில் இருக்கிறதா பாருங்கள். எடையில் கழித்தல் குறிக்கு வேலை இல்லை.
3. அதன்பிறகே நம்பர் கொண்டு மாற்றுங்கள்.
4. ஒரு நாளுக்கு நியாயமான அளவுதானா என்று பாருங்கள்.

இதில் முதல் படிதான் முக்கியம். ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகினால் அன்று 0 கிலோ என்பது உண்மை. காலிக் கட்டம் அப்படியல்ல, எடையை யாரோ பதிய மறந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கினால், பறித்த கொழுந்துக்குக் காசு வராது.

இன்னொன்றும் உண்டு. 48-ஐ 84 என்று அடித்தால் எந்தச் சோதனையும் பிடிக்காது, இரண்டும் சரியான எண். அதைப் பிடிக்க, பதிந்த எடையை அச்சடித்து, மூட்டை கொண்டுவந்தவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.