சனிக்கிழமை சம்பளமும் அரிசிம்பருப்பும்

திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல சனிக்கிழமைதான் சம்பளம்ங்க. அன்னைக்கு ராத்திரி புரோட்டாக் கடையில நிக்க இடமிருக்காது. எங்க பையனும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன். டைலர், பீஸ் ரேட்டு. போன மாசம் பேரனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டப் பத்தலைன்னு வந்தான். தக்காளி வித்த காசைக் குடுத்துட்டு, "வாரத்துக்குக் கடைச் சாப்பாடு எவ்வளவு ஆகுது கண்ணு?"ன்னு கேட்டேன். மருமக விரல் விட்டு எண்ணிச் சொல்லுச்சு, 1,400 ரூபா. மாசம் 5,600. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு.

குத்தம் சொல்லவும் முடியலைங்க. ஒன்றரை ஷிப்ட்டு. காலையில எட்டரைக்கு மிஷின்ல உக்காந்தா ராத்திரி எட்டரைக்குத்தான் ரெண்டு பேரும் எந்திரிக்கறாங்க. அப்புறம் யாரு அடுப்பப் பத்த வெக்கறது?

நான் காய் விக்கிறது உழவர் சந்தையில. 1999 நவம்பர் 14-ல கலைஞர் மதுரையில தொடங்கி வெச்ச திட்டம். தரகு கிடையாது, அன்னன்னைக்கு விலையைப் போர்டுல எழுதிருவாங்க. ஆனா வெயில் ஏறுறதுக்குள்ள நாங்க சாக்கைச் சுருட்டிருவோம். அப்பன் விக்கிற மலிவுக் காய், மகனுக்கே எட்டலை.

இப்ப ஞாயித்துக்கிழமை விடியக்காலம் பையோட வந்தர்றான். ஒரு வாரத்துக்கு ஆகற காய். எங்கூட்டுக்காரி அவனுக்கு அரிசிம்பருப்பு சாதம் சொல்லிக் குடுத்திருக்கா. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள், எல்லாம் ஒரே குக்கர்ல. குளிச்சுட்டு வர்றதுக்குள்ள விசில் வந்துரும். யாரு முதல்ல வர்றாங்களோ அவங்க வெக்கணும்னு பேச்சு.

சனிக்கிழமை புரோட்டா மட்டும் வேணும்னு பேரன் அடம். அதை நானும் நிறுத்தச் சொல்லலைங்க.