தெற்குக் கரையோரம் – 6: நாய் விட்டுப்போன நீலம்

இங்கிலாந்தின் தெற்குக் கரையில், ஈஸ்ட்போர்னில் பஸ் ஏறி பெர்லிங் கேப்பில் இறங்கும்போது மணி பதினொன்று. ஆகஸ்ட் கடைசி வாரம். மழை ஒருவழியாக விட்டிருந்தது. காற்றுதான் தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது.

வந்த கூட்டம் முழுக்க செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. நான் கடலுக்கு முதுகைக் காட்டி, புல்லையே பார்த்துக்கொண்டு பெல் டவுட் பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி நடந்தேன். பாறை சரியச் சரிய, 1999இல் அந்தக் கட்டடத்தையே அப்படியே 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். எதிரே வந்த பெரியவர், "சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்றார்.

தேடியது அடோனிஸ் புளூ என்ற பட்டாம்பூச்சியை. அதன் புழுவுக்கு ஒரே சாப்பாடு: ஹார்ஸ்ஷூ வெட்ச். சுண்ணாம்பு மண்ணில் தரையோடு படரும் அவரைக் குடும்பத்துச் செடி. புல் வளர்ந்துவிட்டால் தரைச் சூடு போய்விடும், பூச்சியும் போய்விடும். 1950களில் மிக்ஸமடோசிஸ் நோயில் முயல்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மேய ஆளில்லாமல் புல் ஓங்க, பல சரிவுகளில் இந்த நீலமும் அற்றுப்போனது. இப்போது பல இடங்களில் ஆடுமாடு விட்டு மேய்க்கிறார்கள். புழுவுக்கு எறும்புகள் காவல். புழு சுரக்கும் இனிப்புக்காக, எறும்புகள் அதை ராத்திரியில் மண்ணுக்குள் மூடிக்கூட வைக்குமாம். நம் வீட்டு எறும்புகளுக்குச் சர்க்கரை டப்பாதான் தெரியும்.

முதலில் கண்ணில் பட்டது சாக்ஹில் புளூ என்ற இன்னொரு நீலப் பட்டாம்பூச்சி. சொட்டு நீலம் போட்டுப் பலமுறை அலசிய வேட்டி நிறம். ஒரு மணி நேரம் பூப்பூவாகத் தேடியும் வேறெதுவும் இல்லை. கடைசியில் அகப்பட்டது பூவில் அல்ல, நாய்க் கழிவின் மேல். உப்புச் சத்து உறிஞ்ச ஆண் பூச்சிகள் இப்படி மொய்க்கும். மூன்று வெளிறியவை, நடுவே ஒன்று, காஸ் அடுப்புச் சுடரின் நீலம்.

மூக்கைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்தேன். சிறகின் வெள்ளை ஓரத்தை, ஸ்கேலில் கோடு போட்ட மாதிரி, கறுப்பு நரம்புகள் வெட்டின. காமன் புளூ என்ற சாதாரண நீலப் பூச்சிக்கு ஓரம் வெறும் வெள்ளை. சந்தேகமே இல்லை, அதேதான். கேமராவை எடுத்தேன்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க, எங்க நாய்தான்!"

பிளாஸ்டிக் பையோடு ஓடிவந்த அம்மாள் குனிந்து, அள்ளி, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

(தொடரும்)