லீவு லெட்டரும் ஸ்டான்லி கப்பும்!

ஐஸ் ஹாக்கியா... அது நமக்கெதுக்கு பாஸ்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. போன மாசம் எங்க ஹாஸ்டல் ரூம்ல நடந்த சண்டைக்கு அதான் காரணம். சண்டையில ஜெயிச்சது நான் இல்லை!

மேட்டர் இதுதான். வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீக்கில் எந்த அணியும் வீரர்களுக்கு இஷ்டத்துக்குச் சம்பளம் அள்ளிக் கொடுக்க முடியாது. 2004-05-ல் சம்பளத் தகராறில் ஒரு சீஸனே மொத்தமாக ரத்தாக, அதற்குப் பிறகு வந்த உச்சவரம்பு இது. பணக்கார அணி ஸ்டார்களை எல்லாம் வளைத்துப் போடக் கூடாது என்பதுதான் ஐடியா. முதல் வருஷம் வரம்பு 3 கோடியே 90 லட்சம் டாலர்.

ரூல்னு ஒண்ணு வந்தா ஓட்டையும் வருமே! 2010-ல் நியூ ஜெர்ஸி டெவில்ஸ் அணி, இலியா கோவல்சுக்குக்கு 17 வருஷத்துக்கு 10 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டது. வரம்புக் கணக்கில் வருவது வருஷ சராசரிதான். அதனால் பெரும்பகுதியை முதல் 10 வருஷத்திலேயே கொடுத்துவிட்டு, 44 வயது வரை சில்லறைச் சம்பளத்தில் இழுத்து, சராசரியைக் குறைக்கும் ட்ரிக்! லீக் அதை நிராகரித்தது. நடுவரும் லீக் பக்கமே தீர்ப்புச் சொன்னார்.

எங்க சண்டை அடுத்த ஓட்டையைப் பத்தி. ஒரு வீரருக்கு நீண்ட நாள் காயம் என்றால், அவர் சம்பள அளவுக்கு வரம்பைத் தாண்டி அப்போது ஆள் சேர்க்க முடிந்தது. பிளே-ஆஃப் வந்துவிட்டால் அப்போதெல்லாம் வரம்பே கிடையாது. 2020 டிசம்பரில் டாம்பா பே லைட்னிங் அணியின் நிகிடா குச்செரோவுக்கு இடுப்பில் ஆபரேஷன். லீக் சுற்றின் 56 ஆட்டங்களிலும் அவர் இல்லை. பிளே-ஆஃப் முதல் ஆட்டத்தில் டாண்ணு ஆஜர்! 23 ஆட்டத்தில் 32 பாயின்ட், கூடவே 2021 ஸ்டான்லி கப். வரம்பு 8 கோடியே 15 லட்சம். அணியின் சம்பளமோ அதற்கு மேல் சுமார் 1 கோடியே 80 லட்சம். அந்த எண்ணை டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு கொண்டாடினார் மனுஷன்!

"பச்சை அநியாயம்டா! அப்போ வரம்புக்குள்ள நின்ன டீம் எல்லாம் கேனையனா?"னு நான் எகிற, ரூம்மேட் கூலா கேட்டான்: "ஆபரேஷன் நிஜம்தானே? லீக்கே விசாரிச்சுத் தப்பில்லைன்னுடுச்சு. உன் மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும் என்னவாம்?"

கப்சிப்!

போன செமஸ்டர்ல எனக்குக் காய்ச்சல் வந்தது நிஜம். நாலே நாள். சர்டிபிகேட்ல 12 நாள். மாமாவுக்குத் தெரிஞ்ச டாக்டர். அட்டெண்டன்ஸ் குறைஞ்சும் பரீட்சை எழுதிட்டேன். என் பெஞ்ச்மேட், ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போயிட்டு காலையில எழுந்திருக்க முடியாம லீவு போட்டவன். அவனுக்கு மாமாவும் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை. ஹால் டிக்கெட்டும் வரலை.

யோசிச்சுப் பார்த்தா, குச்செரோவ் ரூலுக்குள்ளதான் ஆடினார். நான்தான் பொய் சொன்னேன். ஆனா ரெண்டுலயும் ஒரு விஷயம் ஒண்ணு. ஓட்டை எல்லாருக்கும் பொதுன்னு சொல்லிக்கிறோம். நுழைய வசதி இருக்கறவனுக்குத்தான் அது வாசல். ரூலை நம்பி நிக்கிறவனுக்கு வெறும் சுவர்.

2025-26 சீஸன்ல இருந்து பிளே-ஆஃப்ல இறங்கற அணிக்கும் வரம்பு வந்தாச்சு. ஓட்டையை அடைச்சுட்டாங்க. அதுக்காகப் பழைய கப்பை யாரும் திருப்பித் தரப் போறதில்லை. என் மார்க்கும் அப்படித்தான்.

இப்போ அந்தப் பாடங்களை பெஞ்ச்மேட்டோட உட்கார்ந்து மறுபடி படிக்கிறேன். "ஏன்டா திடீர்னு இவ்ளோ அக்கறை?"ன்னு கேட்டான். இன்னும் பதில் சொல்லலை. இந்தப் பக்கத்தைப் படிச்சா தெரிஞ்சுக்குவான்!