மொடக்குறிச்சி: ஒரு பிழைதிருத்தம்

1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் போட்டியிட்டவர்கள் 1033 பேர். அவர்களில் 88 பேருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. 158 பேருக்குத் தலைக்கு ஒரு வாக்கு. இந்த எண்கள் பலருக்கும் தெரிந்தவைதான். பொது அறிவுப் புத்தகங்களில் வேடிக்கைச் செய்தியாக இடம் பிடித்துவிட்டவை. அந்த 88 பேரில் ஒருவர் என் பெரியப்பா.

இதை இங்கே எழுதக் காரணம் குடும்பப் பெருமையோ அவமானமோ அல்ல. இதைப் பற்றி நான் முன்பே ஒரு கவிதை எழுதி, அது ஒரு சிறுபத்திரிகையில் வெளிவந்து, நம்மில் சிலர் அதை நல்ல கவிதை என்று சொன்னதும் உண்டு. அந்தக் கவிதையில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டும். பிழை தகவலோடு நிற்கவில்லை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்து நிலத்தைப் பொதுவாக இரண்டு வாய்க்கால்களை வைத்துச் சொல்வார்கள். ஆற்றை ஒட்டிப் போகும் காலிங்கராயன் வாய்க்கால்; மேட்டில் வரும் கீழ்பவானி வாய்க்கால். பெரியப்பாவின் நாலு ஏக்கர் இரண்டு பாசனத்திலும் சேராத மேட்டாங்காடு. கிணறு உண்டு. அதற்கு மின் இணைப்பு கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். விவசாயத்துக்கு மின்சாரம் அப்போது இலவசம். இலவசமாகத் தரப்படும் ஒன்று வந்து சேர்வதற்கான கம்பிதான் இல்லை. வாடகைக்கு ஆயில் எஞ்சின் எடுத்து, டீசல் ஊற்றி, கொஞ்சம் மஞ்சளும் கொஞ்சம் சோளமும் எடுத்துக்கொண்டிருந்தார்.

தங்கள் கோரிக்கைகளைக் கேட்பாரில்லை என்று காட்ட விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போடுவது என்று அந்த வருஷம் முடிவாயிற்று. பெரியப்பாவும் போனார். அன்றைக்குச் சட்டமன்றத்துக்கு முன்பணம் 250 ரூபாய். மஞ்சள் விற்ற காசிலிருந்து எடுத்துக்கொண்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, விசேஷ வீட்டுக்குப் போகிறவர்போலக் கிளம்பினார் என்று பெரியம்மா சொல்லுவார். திரும்பி வந்தபோது கையில் ரசீது இருந்தது. இணைப்புக்கு விண்ணப்பித்த காகிதங்கள் இருந்த அதே மஞ்சள் பைக்குள் அதையும் வைத்துக்கொண்டார்.

ஆயிரத்துக்குமேல் பெயர்களை ஒரே தாளில் அச்சடிக்க முடியாது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியிருந்ததால் மொடக்குறிச்சிக்குத் தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. எனக்கு வேலை ஈரோட்டில், ஓட்டு ஊரில். அந்த ஒரு மாதமும் நான் ஒருவிதக் குதூகலத்தில் இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நாம் அப்போது அபத்தம் என்ற சொல்லை அளவுக்கு மீறிப் புழங்கிக்கொண்டிருந்தோம். இதோ என் ஊரிலேயே ஒரு அபத்த நாடகம், அதுவும் அரசு செலவில். நண்பர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினேன். பெயர்களைத் தவிர வேறொன்றும் இல்லாத புத்தகம் என்று வர்ணித்திருந்தேன். பெயருக்குப் பின்னால் ஆள் இருக்கிறான், ஆளுக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது என்பதெல்லாம் என் வர்ணனையில் வரவில்லை.

வாக்குச்சாவடியில் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது. மறைப்புக்குள் நின்று புரட்டினேன். அகரவரிசையில் அடுக்கிய பெயர்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் பக்கத்தில் பத்துப் பதினைந்து பெயர்களைத்தான் பாட்டன் பேரன் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறோம் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வெளியே வரிசை நீண்டிருந்தது. அவசரப்படுத்துவதுபோல யாரோ இருமினார்கள். தேடினேன். பெரியப்பாவின் பெயர் இருந்தது. அச்சில், எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. என் பெயரை முதன்முதலாக ஒரு பத்திரிகையில் பார்த்தபோது ஏற்பட்ட அதே சிலிர்ப்பு ஏற்பட்டது என்று சொன்னால் மிகையில்லை.

முத்திரையை அங்கே குத்தவில்லை. பக்கங்களைத் திருப்பி, ஜெயிக்கக்கூடிய சின்னம் ஒன்றைத் தேடிப்பிடித்து அதில் குத்தினேன். ஓட்டு வீணாகிவிடக் கூடாது என்ற எண்ணம். எப்படியும் அவர் ஓட்டையாவது அவர் தனக்குப் போட்டுக்கொள்வார், பெரியம்மா போடுவார், மகளும் மருமகனும் இருக்கிறார்கள், நான் ஒருவன் போடாவிட்டால் தெரியவா போகிறது என்றும் நினைத்துக்கொண்டேன்.

தெரிந்துவிட்டது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வெற்றி பெற்றார். பெரியப்பாவின் பெயருக்கு நேரே பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரகசிய வாக்கெடுப்பு என்பது எண்கள் இருக்கும்வரைதான் இரகசியம். ஒரு வாக்கு வாங்கிய 158 பேரும் அது யாருடைய வாக்கு என்று யாரையும் நினைத்துக்கொள்ளலாம். மனைவியை, தம்பியை, சண்டைபோட்டுப் பிரிந்த பங்காளியைக்கூட. பூஜ்யம் வாங்கியவனுக்கு அந்த வசதி கிடையாது. எதிரே வருகிற ஒவ்வொருவரும் தனக்குப் போடவில்லை என்பது அவனுக்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். அந்த வாரம் ஊருக்குப் போனபோது பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அவர் எப்போதும்போல, "சாப்புட்டியா கண்ணு?" என்றுதான் கேட்டார். நான் யாருக்குப் போட்டேன் என்று கடைசிவரைக்கும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் கவிதை எழுதியிருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மாதத்தில் எழுதினேன். வறண்ட கிணறு ஒன்று, அதன் வாய் பூஜ்ய வடிவம், உள்ளே குனிந்து தன் பெயரைக் கூவுகிறான் ஒருவன், எதிரொலிகூட இல்லை. படிமம் கச்சிதமாக விழுந்துவிட்டதாக எனக்குத் திருப்தி. முந்நூறு பிரதி அச்சான இதழ் அது. கடிதங்கள் வந்தன. ஜனநாயகத்தின் வெறுமையைச் சொல்லிவிட்டதாக ஒருவர், இருத்தலின் வெறுமையைச் சொல்லிவிட்டதாக இன்னொருவர்.

பெரியப்பாவின் மகள் அந்த இதழை வாங்கிப்போய் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டாள். அடுத்த முறை போனபோது கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்கறே. ஆனா கெணறு காலியாக் கெடக்குதுன்னு போட்டுட்டியே, அது தப்பு. தண்ணி கெடக்குது கண்ணு. எறைக்கறதுக்குத்தான் கரண்டு இல்ல."

நான் கவிதையில் வருகிற கிணறு வேறு என்பதுபோல ஏதோ சொன்னேன். "அப்படியா?" என்றார். பிறகு நானே கேட்டேன், உங்கள் ஓட்டை ஏன் உங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை என்று. "என்ற ஓட்ட நானே எனக்குப் போட்டுக்கிட்டு என்னத்தப் பண்றது? நாளைக்கு மனுவ ஜெயிச்சவுங்ககிட்டத்தான குடுக்கோணும்? பேரு குடுத்தது நாயத்தச் சொல்றதுக்கு. ஓட்டு, ஆள எடுக்கறதுக்கு. ரெண்டும் வேற வேற."

இதைக் கேட்டபிறகு பூஜ்யத்தின் அர்த்தமே மாறிவிட்டது. நான் தோல்வி என்றும் வெறுமை என்றும் எடுத்துக்கொண்ட இடத்தில் அவர் இரண்டு காரியங்களை முடித்துவிட்டு எழுந்து வந்திருந்தார். தன் பெயரைக் கொடுத்துப் புகார் சொன்னார். தன் ஓட்டைப் போட்டுப் பிரதிநிதியைத் தேர்ந்தார். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவன் நான். அவர் செய்ததில் அபத்தம் ஒன்றும் இல்லை. அபத்தம், கம்பி இல்லாத இலவச மின்சாரத்தில் இருந்தது. அதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் கவிதை பிரச்சாரமாகிவிடும் என்று பயந்திருப்பேன்.

அரசாங்கமும் ஒருவகையில் என்னைப்போலவே நடந்துகொண்டது. அதே 1996-ல் நாடாளுமன்றத் தேர்தலில் நல்கொண்டாவில் 480 பேரும் பெல்காமில் 456 பேரும் நின்றார்கள். நல்கொண்டாக்காரர்களின் குறை குடிதண்ணீரில் கலந்த ஃபுளோரைடு. அந்த வருஷமே சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கு முன்பணம் 250-லிருந்து 5,000 ஆயிற்று; 2009-ல் 10,000. சுயேச்சையாக நிற்பவனுக்கு முன்மொழிய ஒருவர் போதும் என்பது போய்ப் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும் என்றாயிற்று. 2001-ல் தமிழ்நாடு முழுக்க வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. அன்றைய இயந்திரத்தில் எத்தனை பலகை சேர்த்தாலும் 64 பெயருக்குமேல் இடமில்லை. சீட்டைப் புத்தகமாக்கியது ஏன் என்று விசாரிப்பதைவிடப் புத்தகம் மறுபடி நேராமல் பார்த்துக்கொள்வது சுலபமாக இருந்தது. 2013-ல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் நோட்டா கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல இடம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் அதில் சொல்பவனின் பெயர் இல்லை. பெரியப்பா சொன்னது பெயரோடு சொன்னது.

2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத் நாடாளுமன்றத் தொகுதியில் 185 பேர் நின்றார்கள். 170க்கு மேற்பட்டவர்கள் விவசாயிகள். மஞ்சளுக்கும் சோளத்துக்கும் விலை வேண்டும், மஞ்சளுக்கு ஒரு வாரியம் வேண்டும் என்று கேட்டார்கள். ஒவ்வொரு சாவடியிலும் பன்னிரண்டு பலகைகளை வரிசையாக வைத்தார்கள். அவர்களில் யாரும் ஜெயிக்கவில்லை. அப்போதைய முதலமைச்சரின் மகள் கவிதா அங்கே தோற்றார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தில் தொடங்கப்பட்டது. இதற்கு அதுதான் காரணம் என்று கணக்குப் போட நான் ஆள் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது பெரியப்பா ஞாபகம் வந்தது. அவரும் மஞ்சள் போட்டவர். உயிரோடு இருந்திருந்தால், "பாத்தியா?" என்று ஒரு சொல் சொல்லியிருப்பார்.

மொடக்குறிச்சியின் தேர்தல் கதை 1996-ஓடு முடியவில்லை. சுப்புலட்சுமி ஜெகதீசன் அங்கே 1977-ல் அ.தி.மு.க. சார்பிலும், பிறகு 1996 தேர்தலில் தி.மு.க. சார்பிலும் வென்றவர். 2021-ல் அதே தொகுதியில் பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் 281 வாக்குகளில் தோற்றார். ஆயிரம் பேர் நின்றபோது யாருக்கும் கணக்கில்லாமல் போன ஒற்றை வாக்குகள் அங்கேயே இருபத்தைந்து வருஷம் கழித்து அத்தனை கனம் கொண்டுவிட்டன. ஓட்டு வீணாவது பற்றி அன்று மறைப்புக்குள் நின்று நான் செய்த தத்துவ விசாரம் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நாமும் ஒருவகையில் பெயர் கொடுத்தவர்கள்தான். முந்நூறு பிரதி அடித்து, அதில் பாதியைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பி, யாரும் படிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். அந்தக் குறையையே பெரிய தத்துவமாக்கியும் விடுகிறோம். சொல்ல ஒரு நியாயம் இருந்ததா, அதைச் சொன்னோமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அது பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு விழாத வாக்கை எண்ணிக் கவிதை செய்தவனுக்குத் தெரியவில்லை.

இணைப்பு சில வருஷங்கள் கழித்து வந்தது. தேர்தலால் அல்ல, வரிசையில் அவர் முறை வந்ததால். முதல் நாள் மோட்டார் போட்டபோது நான் இல்லை. தண்ணீர் நன்றாக வந்ததாகச் சொன்னார்கள். அந்தக் கவிதையைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. ஆனால் அச்சில் வந்த ஒன்றைச் சேர்க்காமல் விடுவது திருத்தம் ஆகாது. அன்று அதை வாசித்தவர்களில் சிலராவது இந்தப் பக்கத்தையும் வாசிக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்: அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்தது.