வழிமாற்றிய வாயில்

வேற்றுமொழி வழங்கும் ஊரில் குடியேறிய தமிழ்க் குடும்பம், தன் மொழியார் எங்கே கூடுகின்றனர் என்பதை முன்னாளில் கோயில் வாயிலிலோ மளிகைக் கடையிலோ வினவி அறிந்தது. இன்று தேடுபொறியிடம் வினவுகிறது. ஆகவே சங்கத்தின் இணையத்தளம் வெறும் அறிவிப்புப் பலகையன்று. புதியோர் மிதிக்கும் முதற்படி. மைசூரில் எங்கள் சங்கத்தின் அந்த முதற்படியையே கள்வர் பெயர்த்திருந்தனர்.

ஹெப்பால் பகுதிக்குப் புதிதாய் வந்த ஓர் அம்மையார், மகனுக்குத் தமிழ் வகுப்பு உண்டா எனத் தேடி எங்கள் தளத்தின் பெயரைத் தொட்டிருக்கிறார். திறந்ததோ, பரிசு விழுந்ததாகக் கூறி வங்கி விவரம் கேட்கும் பக்கம். "சங்கம் என்று நம்பித்தானே ஐயா தொட்டேன்" என்று தொலைபேசியில் வருந்தினார். செயற்குழுவினர் தத்தம் கணினியில் திறந்து பார்த்தனர். தளம் பழுதின்றி நின்றது. அம்மையாரின் கைபேசியில்தான் கோளாறு என முடிவு கட்டினர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இத்தகைய கேட்டின் சூழ்ச்சியே அங்குதான் உள்ளது. புகுத்தப்பட்ட நிரல், வருபவர் எவ்வழியே வந்தார் என்று முதலில் பார்க்கும். முகவரியை நேரே தட்டச்சிட்டு வருபவர் பெரும்பாலும் தளத்துக்கு உரியவர். அவருக்கு உண்மைப் பக்கத்தையே காட்டும். தேடுபொறி வழியே கைபேசியில் வருபவர் அயலார். அவரை வேற்றிடத்துக்குத் தள்ளும். ஒருமுறை தள்ளியவரைச் சில காலம் தொடாது விடுவதும் உண்டு. வீட்டுக்காரனுக்கு வாலாட்டி விருந்தினரைக் கடிக்கும் நாயை ஒப்புமை கூறலாம். ஆயின் நாய் இத்துணை வஞ்சகம் அறியாது.

அம்மையார் வந்த வழியிலேயே நானும் சென்றேன்: கைபேசியில், தேடுபொறியினூடே. பரிசு எனக்கும் விழுந்தது! அன்றே செயலாளர் அம்மையாரிடம் வருத்தம் தெரிவித்து, ஞாயிறு வகுப்பின் நேரத்தையும் சொன்னார்.

பின்னர்க் கோப்புகளை ஆராய்ந்தோம். தளம் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் அமைந்தது. தூய மூலப்படியைத் தருவித்து வரிக்கு வரி ஒப்புநோக்கியபோது, ஒரு கோப்பின் இறுதியில் எண்களாலான நீண்ட வரி ஒன்று மிகுந்திருந்தது. ஒவ்வோர் எண்ணும் ஓர் எழுத்து. மாற்றி எழுதினால் அயல் முகவரி ஒன்று வெளிப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளை நெடுங்காலம் காத்த ஊர் மைசூர். பிற்காலத்தார் செருகிய வரியை எழுத்தமைதி கொண்டு கண்டறியும் அறிஞர்க்கு எங்கள் வேலை புதிதாகத் தோன்றியிராது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பலாடா எனப் பெயரிடப்பட்ட இவ்வகைத் தாக்குதல் ஒன்று, 2017 முதல் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களைத் தொற்றியதாகச் சுகூரி என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. புதுப்பிக்கப்படாத செருகுநிரல்களின் துளைகள் அதன் நுழைவழிகளுள் ஒன்று. தமிழ்ச் சங்கமா, துணிக்கடையா என்று அது பார்ப்பதில்லை.

மிகுந்த வரியை நீக்கினோம். மூன்றாம் நாள் அது மீண்டும் வந்து நின்றது. பயனர் பட்டியலைப் பார்த்தால், எவரும் சேர்க்காத நிர்வாகி ஒருவர் அங்கே அமர்ந்திருந்தார். அவரை அகற்றி, கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றி, பழைய செருகுநிரல்களைக் களைந்து, தூய படியை நிறுவிய பின்னரே தொல்லை தீர்ந்தது. இப்பொழுது திங்கள்தோறும், சங்கத்தைச் சாராத ஒருவரைக் கொண்டு, அவர் கைபேசியிலேயே தேடச் செய்து தளத்தைத் திறந்து பார்க்கிறோம்.